பிரிக்கலாமா?

பழுதான வண்டியை நாமே பிரித்துப் பார்ப்பதா, பட்டறைக்கு அனுப்புவதா என்னும் கேள்வி சிறியதாகவே தோன்றும். ஒன்றும் அறியாதவர் பட்டறைக்கு அனுப்பிவிடுவார். நன்கு அறிந்தவர் பிரித்துவிடுவார். ஓரளவு அறிந்த நம் போன்றோர்தாம் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நெடுநேரம் நிற்கிறோம்.

இவ்விடத்தில் பலரும் ஜி.டி. நாயுடுவை நினைவுகூர்வர். கோவையை அடுத்த கலங்கலில் 1893-இல் பிறந்த அவர், இளமையில் ஆங்கிலேயர் ஒருவரிடமிருந்து ரட்ஜ் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அக்கக்காகப் பிரித்து மீண்டும் பூட்டி இயந்திரக் கலையைக் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டினார். துணிந்தால் எவரும் செய்யலாம் என்பதற்கு அவரைச் சான்று காட்டுவது வழக்கம். நாம் அதில் வேறொன்றையும் காண்கிறோம். அந்த மோட்டார் சைக்கிள் அவருடையது. பிரிந்தே கிடந்திருந்தாலும் இழப்பு அவர் ஒருவருக்கே.

நமது பங்கின் அம்பாசிடர் அப்படிப்பட்டதன்று. அவ்வகைக் கார்களின் உற்பத்தி 2014-இல் நின்றுபோனது. நம்முடையதோ அதற்கும் மிக மூத்தது. 108 ஊர்தி 2008 முதல் தமிழகத்தில் ஓடுகிறது என்றாலும், நள்ளிரவில் மகளுக்கு வலி கண்டால் மணமேல்குடித் தாய் ஒருத்தி முதலில் தட்டுவது பங்கு இல்லத்தின் கதவைத்தான். கடலோரச் சிற்றூர்களுக்கு நோயில்பூசுதல் வழங்கச் செல்வதும் அந்த வண்டியிலேயே.

சென்ற ஆவணியில் அதன் ரேடியேட்டரில் நீர் குறையத் தொடங்கியது. வெளியே ஒழுக்கு இல்லை. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கையில் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தபோது நீரில் குமிழிகள் எழுந்தன. சைலன்சரில் வெண்புகை, ஆயில் குச்சியில் பால் கலந்த காப்பியின் நிறம். ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்பது தெளிவாயிற்று.

இதுவரை நாமே கண்டறிந்தோம். இதில் செலவுமில்லை, ஆபத்துமில்லை. அடுத்த படி வேறு. கேஸ்கட்டின் விலை குறைவு, கூலியே அதிகம். ஆகையால் ஆசை எழுவது இயல்பே. ஆயினும் ஹெட்டைத் தூக்கியபின் அது வளைந்துள்ளதா என்று பார்க்கவேண்டும். வளைந்திருந்தால் லேத்துப் பட்டறையில் ஃபேஸிங் செய்யவேண்டும். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, வரிசை தவறாமல், பல சுற்றுகளில், டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு முறுக்கவேண்டும். இவையெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவை. நம்மைத் தயங்கவைத்தது இவ்வூர்க் காற்று. உப்புக்காற்றில் ஆண்டுக்கணக்காக நின்ற வண்டியில் ஸ்டட்டும் நட்டும் துருவேறி ஒன்றாகிவிடும். நெம்பும்போது ஸ்டட் முறிந்தால் அடிப்பாதி பிளாக்கினுள் நின்றுவிடும். அதன்பின் வேலையை முடிக்கவும் இயலாது, பழையபடி பூட்டவும் இயலாது.

(பிரேக் என்றால் நமக்கு இத்தனை சிந்தனை தேவைப்படுவதில்லை, அதில் கைவைப்பதே இல்லை. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பழையதானால் சூட்டில் கொதித்துக் குமிழிவிடும். பெடல் தரைவரை இறங்கிவிடும். நாம் பழகிப்பார்க்கும் வண்டியில் பிறரும் ஏறுவர் அன்றோ?)

விசைப்படகுகளுக்கு டீசல் எஞ்சின் பார்க்கும் பங்கு இளைஞர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். நடுக்கடலில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய கை அது. இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்பார் என்று எதிர்பார்த்தோம்.

“கடல்ல நின்னுபோனா வேற ஆளு கிடையாது சாமி, பிரிச்சுத்தான் ஆகணும். கரையில என்னத்துக்கு அவசரம்? ஸ்டட்டு முறிஞ்சா எடுக்க எங்கிட்ட சாமான் இல்ல. ரெண்டு நாள் மண்ணெண்ணெய் ஊத்தி வைப்போம். அசையலன்னா அறந்தாங்கிக்குக் கொண்டுபோயிருவோம்.”

அவ்வாறே ஊற்றிவைத்தோம். மூன்றாம் நாள் பெரும்பாலான நட்டுகள் இளகின. பின்புறத்து இரண்டு மட்டும் அசையவில்லை. ரெஞ்சில் இரும்புக்குழாயைச் செருகி இன்னும் சற்று அழுத்தினால் என்ன என்று நமக்குத் தோன்றியது. இளைஞரோ ரெஞ்சைத் துணியில் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டார். மீன் ஏற்றும் ஆட்டோ ஒன்றை இரவு அழைப்புகளுக்கென்று பேசிவைத்துவிட்டு, மறுநாள் காலை வண்டியை அறந்தாங்கிக்கு அனுப்பினோம்.

அந்த இரண்டில் ஒன்று பட்டறையிலும் முறிந்தது. துளையிட்டு அதை வெளியே எடுக்க ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று. நாம் பக்கத்து ஸ்டூலில் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தோம். நட்டு முறுக்கும் வரிசையைத் தாளில் வரைந்து சரிதானா என்று கேட்டபோது, மெக்கானிக் சிரித்துக்கொண்டே தம் டார்க் ரெஞ்சை நம் கையில் கொடுத்து, கடைசிச் சுற்றை முறுக்கச் சொன்னார்.