பேடென்று எழுதிய சேவல்கள்

சேவல் 11, பேடு 240. என் பழைய கொப்பியில் ஒரு தை மாதக் காலையின் கணக்கு இப்படி இருக்கிறது. அந்த 240இல் எத்தனை சேவல் என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்தவன் போல எழுதினேன், அவ்வளவுதான்.

மாரி ஓய்கிற நேரம் ஈச்சிலம்பற்றுக் களப்பில் தாராக்கள் கூட்டம் கூட்டமாக மிதக்கும். ஊரில் எல்லாமே தாராதான். அன்று அதிகம் இருந்தவை வடக்குத் தேசங்களிலிருந்து வந்த நீலச்சிறகிகள். பள்ளிப் பிள்ளைகள் பத்துப்பேர், எங்களிடம் ஒரேயொரு பைனாகுலர். 'கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டை, கபில நெஞ்சு என்றால் சேவல். மிச்சமெல்லாம் பேடு' என்று பாடம் நடத்தினேன்.

"ஏன் சேர், சேவல் இவ்வளவு குறைவு?" என்றாள் ஒருத்தி.

"சேவல் குளிரைத் தாங்கும் பிள்ளை. அதால வடக்கிலேயே நிண்டுடும்."

அந்த நிமிடம் என் வாயில் பிறந்த விதி அது. சில தாரா இனங்களில் சேவல்கள் உண்மையிலேயே வடக்கே தங்கிவிடுவதுண்டு என்று பிறகு படித்தேன். அதையே என் புளுகுக்குச் சாட்சியாக்கிக் கொஞ்சக்காலம் நிம்மதியாக இருந்தேன்.

நடப்பது வேறு. இணைசேரும் காலம் முடிந்ததும் சேவல் தன் அலங்காரத்தைக் கழற்றிவிடும். சிறகின் பெரிய இறகுகள் ஒன்றாக உதிர்வதால் சில வாரம் பறக்கவே முடியாது. அந்த நேரத்தில் ஒளிந்திருக்கப் பேட்டின் மங்கல் நிறம் வேண்டும். மற்றத் தாராக்கள் பெரும்பாலும் பனிக்காலத்துக்கு முன்பே பழைய கோலத்துக்குத் திரும்பிவிடும். நீலச்சிறகிச் சேவலோ மாசி வரைக்கும்கூட அந்த மங்கலிலேயே இழுத்தடிக்கும். ஆனால் அப்போதும் அதன் முன்சிறகு சாம்பல் கலந்த நீலம். பேட்டுக்கு அந்த நீலம் இல்லை. பறக்கும்போது பார்த்திருந்தால் போதும். நீலச்சிறகி, நீலச்சிறகி என்று அன்று காலை முழுக்கச் சொன்ன வாய் இது.

இன்னொன்றும் உண்டு. சீழ்க்கையடிக்கும் தாராக்களைக் காட்டி, 'பெரிசு சேவல், சின்னது பேடு' என்றேன். அந்த இனத்தில் இரண்டும் ஒரே தோற்றம். குள்ளத்தாராவை மட்டும் சரியாகச் சொன்னேன். பச்சை முதுகும் கழுத்தில் கறுப்பு வளையமுமாக நிற்கும் சேவலைப் பிழையாகச் சொல்லத் தனித் திறமை வேண்டும்.

பக்கத்து வளவில் தாரா வளர்த்த ஆச்சி ஒருவர், முற்றத்தைப் பார்க்காமலே பிரித்துவிடுவார். "பெருத்துக் கத்துறது பேடு தம்பி. தொண்டை கட்டினமாதிரி இழுக்கிறது சேவல். வால்ல சுருள் மயிர் இருந்தாலும் சேவல்தான். உங்கட களப்புத் தாராவுக்கு எப்படி?" என்று கேட்டார். நிறத்தை வைத்துத்தான் என்றேன். "நிறத்தை நம்பலாமா?" என்றார். வீட்டுத் தாராவோடு கிடக்கிற கிழவி என்று மனதுக்குள் சிரித்தேன்.

அடுத்த வருசமே எனக்கு உண்மை தெரியும். அப்போது கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை அதே பள்ளியில்தான் இருந்தாள். நான் ஒருநாள்கூட வாய் திறக்கவில்லை. என்னிடம் யாரும் சேவல், பேடு எண்ணித் தரச் சொல்லவுமில்லை. 1987 முதல் ஆசியா முழுக்க ஜனவரியில் நீர்ப்பறவை எண்ணுகிறவர்களே இனத்துக்கு எத்தனை என்றுதான் எழுதுகிறார்கள். கேளாத கேள்விக்குப் பொய் விடை எழுதியவன் நான்.

போன மாரிக்கு வெருகல் பக்கம் அவளைக் கண்டேன். கைப்பிடியில் மகன். களப்பைக் காட்டி அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "சேவல் குளிரைத் தாங்கும், அதான் இஞ்ச வராது." பிறகு என்னைப் பார்த்து, "அப்படித்தானே சேர்?" என்றாள்.

"ஓம் பிள்ளை" என்றேன்.