மச்சு

மாசியில் மச்சுக்கு ஏறியபோது முதலில் எதிர்ப்பட்டது வாசனைதான். பழைய புத்தகக் கடையின் பின்கட்டில் அடிக்குமே, அது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை. நல்லவாட்டு வீட்டில் நாலைந்து ஓடு பறந்ததோடு சரி. ஓட்டை மாற்றினேன். மச்சுப் பலகை நனைந்திருந்ததையும் பார்த்தேன். காய்ந்துவிடும் என்று கீழே இறங்கிவிட்டேன்.

பலகை தாத்தா காலத்துத் தேக்கு. மேலே சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சணம். அது பெரிதாகத் தோன்றவில்லை. மூலையில் அடுக்கியிருந்த சிறுபத்திரிகைக் கட்டுகளை நகர்த்தியதும்தான், அடியில், ஒவ்வொரு கட்டின் அளவுக்கும் கச்சிதமாகக் கறுப்பு நீள்சதுரங்கள்.

முதலில் செய்ததெல்லாம் தப்பு. சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினேன். மரம் வெளுத்தது, பத்து நாளில் கறுப்பு திரும்பிவிட்டது. ஜன்னலைத் திறந்து இரவெல்லாம் கடற்காற்றை உள்ளே விட்டேன், அது காய வைக்கும் என்ற நம்பிக்கையில். கடற்காற்று கொண்டு வருவது உப்பை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். பல வருஷமாக உப்புக் குடித்த பலகை அது. போதாததற்கு, பார்வைக்கு நன்றாயிருக்கட்டும் என்று அடிப்பக்கம் எனாமல் பெயிண்ட் அடித்து வைத்ததும் நான்தான். மேலே காகிதம், கீழே பெயிண்ட். ஈரம் எங்கே போகும்?

அடுத்த வீட்டுப் பெரியப்பா ஏறி வந்து பார்த்தார். ஃபைபர் படகு வருமுன் கட்டுமரத்தில் போனவர்.

"கரைக்கு வந்தா கட்ட அவுத்து மரத்தத் தனித்தனியாப் போட்டுக் காய வைப்போமே, பாத்ததில்ல? இத மட்டும் ஏன் ஆணியடிச்சு வச்சிகினு தொடைக்கிற?"

பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தேன்.

பலகைகளுக்குச் சாக்கட்டியால் எண் போட்டு, ஆணி பிடுங்கி, நிழலில் ஒருக்களித்து நிறுத்தினோம். வெயிலில் போட்டால் முறுக்கிக்கொள்ளும். பெயிண்டைச் சுரண்டிவிட்டு, வெந்நீரில் வெண்காரம் கரைத்து இரண்டு தரம் தடவினோம். பூஞ்சணம் மரத்தைத் தின்பதில்லை, ஈரம் இருப்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான்; தின்பது வேறு. சுவருக்குள் செருகியிருந்த முனைகளை ஆணியால் குத்திப் பார்த்தபோது இரண்டு பலகையில் ஆணி வெண்ணெயில் போல இறங்கியது. 2014 நவம்பர் 29ல் கடற்கரைச் சாலையின் பழைய மேரி கட்டடம் மழையில் சரிந்தபோது, மறுநாள் போய் அந்தக் குவியலைப் பார்த்து நின்றது ஞாபகம் வந்தது. அப்போது பிறரைத் திட்டினேன். கெட்ட முனைகளை அறுத்துவிட்டு, பலகைக்குப் பலகை ஒரு நாணயம் நுழையும் இடைவெளி விட்டுத் திரும்பப் பதித்தாயிற்று. கறை போகவில்லை.

கட்டுகளில் நடுக்கட்டுக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு. நண்பன் கவிதைகள். "உன்கிட்ட இருந்தா பத்திரம்" என்று கொடுத்தவன். இறந்து ஆறு வருஷமாகிறது. வேறு பிரதி கிடையாது. பத்திரிகைகளைப் பற்றி எனக்குத் துக்கமில்லை, யாரிடமாவது இன்னொன்று இருக்கும். நோட்டைப் பலகைகளோடு நிழலில் வைத்து, மூங்கில் சீவலால் ஒவ்வொரு தாளாகப் பிரித்தேன். பன்னிரண்டு தாள் வந்தது. மற்றவை ஒரே கட்டியாக இருக்கின்றன. வந்த தாள்களிலும் மசி பரவி, தலைப்புகளும் வரிகளின் தொடக்கமும்தான் தெரிகின்றன. படித்த ஞாபகத்தில் மீதியை எழுதிவிடலாமா என்று ஒருநாள் உட்கார்ந்தேன். நாலு வரி எழுதியதும் அது என் வரி என்று தெரிந்தது. அடித்துவிட்டேன்.