44,000 ரூபாய் வாடகை

கடன் பாக்கிக்காக வங்கி ஒரு வீட்டைச் சுவாதீனம் எடுத்தால், அந்த அறிவிப்பை இரண்டு நாளிதழ்களில் வெளியிட வேண்டும். ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். இது 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின் விதி. கடன்காரர் பெயர், வீட்டின் எல்லைகள், பாக்கித் தொகை எல்லாம் அச்சில் வந்துவிடும். இந்த அறிவிப்புகளைத் தேடிப் படித்துவிட்டு வண்டியெடுத்துக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

வழக்கோடு என்னிடம் வந்த தம்பதி திருப்பூரில் பனியன் ஜாப்-ஒர்க் செய்தவர்கள். 2020 ஊரடங்கில் ஆர்டர் நின்றது. ரிசர்வ் வங்கி அனுமதித்த தவணை அவகாசமும் ஆகஸ்டோடு முடிந்தது. அப்புறம் அறுபது நாள் நோட்டீஸ், கதவில் ஒட்டிய அறிவிப்பு, பேப்பரில் விளம்பரம். விளம்பரம் வந்த வாரமே ஒருவர் வீடு தேடி வந்தார். "பேங்க் கடனை நான் அடைச்சுடறனுங்க. பேருக்கு ஒரு கிரயம் போட்டுக்குவோம். பணத்தைக் குடுத்த அன்னிக்கு வீட்டைத் திருப்பி எழுதித் தந்துடறேன்."

அறுபது லட்சத்துக்குக் குறையாத வீடு 22 லட்சத்துக்குக் கிரயமானது. அன்றைக்கே வாடகை ஒப்பந்தத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். திருப்பி எழுதித் தருவதாகச் சொன்னது மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. சில மாதம் 'வாடகை' தவறியதும், வீட்டைக் காலி செய்யச் சொல்லி மனுப் போட்டார்.

"நாங்க வீட்டை விக்கவே இல்லீங்க சார், கடனுக்குத்தான் கையெழுத்துப் போட்டோம்" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். அது உண்மை. ஆனால் சட்டத்தில் அதைச் சொல்ல இடம் தேட வேண்டியிருந்தது. நிபந்தனைக் கிரயத்தை அடமானமாகக் கருத வேண்டுமானால், அந்த நிபந்தனை அதே பத்திரத்தில் இருக்க வேண்டும் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவில் 1929-இல் ஒரு வரம்பு சேர்த்துவிட்டார்கள். எழுத்தறிவு குறைந்தவர்களை அந்த வரம்பு எத்தனை முறை வீழ்த்தியிருக்கிறது என்பதை நீதிமன்ற வராந்தாவில் நிற்பவர்கள் அறிவார்கள்.

கங்காபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழிதான் கைகொடுத்தது. இரண்டாயிரம் ரூபாய்க் கடனுக்காகக் கிரயமும் வாடகைச் சீட்டும் எழுதிக் கொடுத்த ஒரு பெண்ணின் வழக்கு அது. பத்திரம் பெயரளவுக்கு எழுதப்பட்டது, அதன்படி நடக்க யாருமே நினைக்கவில்லை என்று காட்ட வாய்மொழிச் சாட்சியம் சொல்லலாம் என்று தீர்ப்பானது. கிரயத்தை எதிர்த்து சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோம்.

குறுக்கு விசாரணையில் நான் வீட்டைக் கிரயம் வாங்கியவரிடம் அந்தத் தெருவின் வாடகை நிலவரத்தைக் கேட்டேன். அதே அளவு வீடு பன்னிரண்டாயிரத்துக்குப் போகும் என்றார். "இவர்களுக்கு மட்டும் 44,000 எப்படி?" என்றேன். பேசிக்கொண்டதுதான் என்றார். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால் 22 லட்சத்துக்கு மாதம் எவ்வளவு என்று அடுத்துக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. நீதிபதி தாமே கணக்குப் போட்டுக் குறித்துக்கொண்டார். சொத்து வரியும் மின் இணைப்பும் கடைசி வரை அந்த அம்மா பெயரிலேயே இருந்தன. வீட்டை விலைக்கு வாங்கினேன் என்கிறவர் அதை மாற்ற ஒரு மனுக்கூடக் கொடுத்திருக்கவில்லை.

கிரயம் கடனுக்கு ஈடாக மட்டுமே எழுதப்பட்டது, 22 லட்சத்தை நீதிமன்றம் நிர்ணயித்த வட்டியோடு கட்டினால் அது ரத்தாகும் என்று தீர்ப்பு வந்தது. கட்டியிருந்த 'வாடகை'யை அதில் கழித்துக்கொள்ளவும் உத்தரவானது. தையல் மெஷின்களில் பாதியை விற்றுத்தான் மீதியைக் கட்டினார்கள். வீடு மிஞ்சியது.

இப்படி ஒரு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் வங்கிக்கு எழுத்து மூலம் பதில் கொடுங்கள். சுவாதீன நடவடிக்கை நடந்துவிட்டால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் அங்கே இலவச உதவி உண்டு. வீடு தேடி வந்து கடனை அடைக்கிறேன் என்பவரோடு சப்-ரிஜிஸ்தர் ஆபீசுக்கு மட்டும் போகாதீர்கள்.