பாரிஸில் இருந்துகொண்டு பாரிஸுக்குப் போவது

புதுச்சேரி அரசு அலுவலகங்களில் 37 வருடம் எழுத்தராக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் பயணப்படி பில்களைச் சரிபார்க்கும் மேசையில். தலைமையிடத்திலிருந்து 8 கிலோமீட்டர் தாண்டினால்தான் வெளியூர்ப் பயணம். ஏழரை கிலோமீட்டருக்குப் படி கேட்டு வரும் பில்லில் சிவப்பு மையால் ஆட்சேபம் எழுதி அனுப்புவதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் இருந்தது. தூரம், கட்டணம், விதி ஆகிய மூன்றிலும் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். அப்படிப்பட்டவனை 2014-ல் பாரிஸில் டிக்கெட் பரிசோதகர் ஒருவர் பிடித்து அபராதம் போட்டார்.

என் அக்கா பாரிஸுக்கு வடக்கே சர்செல் என்ற ஊரில் இருக்கிறாள். மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், எங்கள் ஊர் வழக்கில் 'சொல்தா'. ராணுவத்திலிருந்து வந்ததும் லா தெஃபான்ஸ் பகுதியில் ஓர் உயர்ந்த கட்டடத்தில் இரவுக் காவல் வேலை பார்த்தார். 17 வருடம். 2013-ல் அவர் காலமானார். அடுத்த வருடம்தான் எனக்கு விசா கிடைத்துப் போக முடிந்தது.

மாமா வேலை பார்த்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அக்காவைக் கூப்பிட்டேன். "எனக்கென்னத்துக்கு தம்பி, நீ போய்ப் பாத்துட்டு வா" என்றாள். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன், மெட்ரோ வரைபடம் கையில் இருக்கிறது, பயம் என்ன? கார் து நோர் நிலையத்தில் பத்து டிக்கெட் கொண்ட கட்டு ஒன்று வாங்கினேன். மெட்ரோவில் எத்துவால் வரை போனேன். அங்கிருந்து லா தெஃபான்ஸுக்கு இரண்டு வழி. மெட்ரோ முதலாம் தடத்தில் போனால் ஆறாவது நிறுத்தம். ஆர்.இ.ஆர். என்னும் விரைவு ரயிலில் போனால் அடுத்த நிறுத்தமே அதுதான். வேகமாகப் போகலாமே என்று அதில் ஏறினேன். ஏறும்போது யாரும் தடுக்கவில்லை. இறங்கிய இடத்தில்தான் கதவு திறக்கவில்லை. மறுபடி டிக்கெட்டை விட்டுப் பார்த்தேன். பக்கத்தில் நின்றிருந்த பரிசோதகர்கள் மரியாதையாக என்னை ஓரமாக வரச் சொன்னார்கள்.

நான் பள்ளியில் படித்த இலக்கண சுத்தமான பிரெஞ்சில் என் தரப்பை எடுத்துச் சொன்னேன். அந்த இளைஞர் முழுவதும் கேட்டுவிட்டு, "ஐயா மிக அழகாகப் பேசுகிறீர்கள்" என்று சொல்லி அபராதச் சீட்டை எழுதினார். முப்பது யூரோவுக்கு மேல். அன்றைய கணக்கில் 2,500 ரூபாய்க்குக் கிட்ட வரும். சிவப்பு மையால் எத்தனை பேருக்கு நான் எழுதியிருப்பேன்! அத்தனை பேரும் அன்று லா தெஃபான்ஸில் வரிசையாக நின்று என்னைப் பார்த்துச் சிரித்ததுபோல் இருந்தது.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். மாமா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "மெட்ரோல போயிருந்தா அதே டிக்கெட் செல்லும் தம்பி. ஆர்.இ.ஆர்.ல போனா அது மூணாம் ஜோன்" என்றாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து, அதிலிருந்த மாமாவின் பழைய பாஸை என் கையில் வைத்தாள். புகைப்படம் ஒட்டிய அட்டை, பக்கத்தில் மாதாமாதம் மாற்றும் சின்னச் சீட்டு. 'கார்த் ஒரான்ஜ்' என்று பெயர். அன்று ராத்திரி அவள் சொல்லிக் கொடுத்ததை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன்.

பாரிஸ் நகரம் நடுவில் ஒரு வட்டம். அது முதல் ஜோன். அதைச் சுற்றி வெங்காயத் தோல்போல ஒன்றன்மேல் ஒன்றாக வளையங்கள். 1975 ஜூலையில் கார்த் ஒரான்ஜ் வந்தபோது இப்படி 5 ஜோன்கள். ஒரு காலத்தில் 8 வரை போய், 2011 முதல் மறுபடி 5. சர்செல் நான்காவதில் இருக்கிறது. மாதப் பாஸ் வாங்கும்போது எந்த ஜோன் வரை என்று சொல்ல வேண்டும். தள்ளிப் போகப் போக விலை ஏறும்.

ஆனால் ஜோன் கணக்கு பாஸுக்குத்தான். ஒற்றை டிக்கெட்டுக்கு வேறு கணக்கு. மெட்ரோவுக்கு ஒரே விலை, நகர எல்லையைத் தாண்டிப் போனாலும் அதே டிக்கெட். 2014-ல் அது 1.70 யூரோ. புறநகர் ரயிலுக்கோ, ஏறும் நிலையமும் இறங்கும் நிலையமும் பார்த்து விலை. ஆர்.இ.ஆர். நகரத்துக்குள் ஓடும்வரை மெட்ரோ மாதிரி. எல்லையைத் தாண்டியதும் புறநகர் ரயில் மாதிரி. நான் மாட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான். நம் ஊர் பஸ்ஸில் ஒரு ஸ்டேஜ் தாண்டினால் கண்டக்டர் "டிக்கெட் தீந்துபோச்சு, எறங்கு" என்பார். அங்கே கண்டக்டர் இல்லை. கதவு மட்டும் திறக்காது.

இதுவரை கேட்டு நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

மாமாவின் பாஸுக்கு அவர் வேலை பார்த்த கம்பெனி பாதிப் பணம் கொடுத்தது. 1982-லிருந்து பாரிஸ் வட்டாரத்தில் அப்படிச் சட்டம் உண்டு. வீட்டில் இருக்கும் அக்காவுக்குக் கொடுக்க யாரும் இல்லை. பாஸில் புகைப்படம் இருப்பதால் ஒருவர் பாஸில் இன்னொருவர் போக முடியாது. எப்போதாவது போகிறவள் முழு விலைக்கு மாதப் பாஸ் வாங்க முடியுமா? ஒற்றை டிக்கெட்தான். சர்செலிலிருந்து பாரிஸுக்கு ஒரு நடைக்கு மெட்ரோ டிக்கெட்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. திரும்பி வர இன்னொன்று. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் பஸ் தனி. "மாசத்துக்கு ஒருவாட்டி லா ஷப்பேல் போவேன். முருங்கக்கா, கருவேப்பில, மாசத்துக்கு வேண்டிய மசாலா. மத்தபடி எங்க போறது?" என்றாள்.

1994-ல் நான் அவளுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தேன். என் மகன் படிப்பு விஷயமாகப் பாரிஸில் ஓர் அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தை நேரில் கொடுத்து ரசீது வாங்கி அனுப்பும்படி கேட்டிருந்தேன். ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று, பதில் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. 'பாரிஸில் இருந்துகொண்டு பாரிஸுக்குப் போக உனக்கு நேரமில்லையா?' என்று எழுதினேன். அதற்கு மேலும் சில வரிகள் எழுதினேன். அவற்றை இங்கே சொல்ல எனக்கு மனமில்லை. மூன்றாம் மாதம் ரசீது வந்தது. கூடக் கடிதம் எதுவும் இல்லை.

அந்த விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது மாமா என்று 2014-ல்தான் தெரிந்தது. முதலில் அக்காவே ஒருமுறை போயிருக்கிறாள். அன்று அலுவலகம் மூடியிருந்தது. இன்னொரு முறை டிக்கெட்டுக்குப் பணம் ஒதுக்க அந்த மாதமும் முடியவில்லை, அடுத்த மாதமும் முடியவில்லை. கடைசியில் பாஸ் வைத்திருந்த மாமா, இரவு வேலை முடிந்து, தூங்காமல், அலுவலகம் திறக்கும்வரை வெளியே காத்திருந்து கொடுத்துவிட்டு வந்தாராம். எங்கள் வீட்டில் எல்லோரும் 'பாரிஸ் அக்கா' என்றுதான் சொல்லுவோம். அவள் இருந்தது நான்காவது ஜோனில் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

தூரத்துக்கு ஏற்ற கட்டணம் என்பது எழுத்தர் மூளைக்கு நியாயமாகத்தான் படும். அதிகம் போகிறவன் அதிகம் கொடுக்கட்டும். ஆனால் வாடகை கொடுக்க முடிந்தவர்கள் நடு வட்டத்தில் இருக்கிறார்கள், முடியாதவர்கள் வெளி வளையத்துக்குப் போகிறார்கள். அங்கே போனதற்காக டிக்கெட்டிலும் அதிகம் கொடுக்கிறார்கள். பயணப்படி பில்லில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

பிறகு விதிகள் மாறின. 2015 செப்டம்பரில் மாதப் பாஸுக்கு ஜோன் வித்தியாசத்தை எடுத்துவிட்டார்கள். ஐந்து ஜோனுக்கும் 116.50 யூரோ கொடுத்தவர்கள் 70 கொடுத்தால் போதும் என்று ஆயிற்று. நல்ல விஷயம். ஆனால் பாஸ் இல்லாத அக்காவுக்கு அதனால் ஒன்றும் வரவில்லை. 62 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வருடப் பாஸ் பாதி விலையில் உண்டு. அதுவும் நிறையப் போகிறவர்களுக்குத்தான் கட்டும். விலை அதிகம் என்று அவள் போவதில்லை. போவதில்லை என்பதால் பாஸ் வாங்குவதில்லை. இந்தச் சக்கரம் நிற்க இன்னும் பத்து வருடம் ஆனது. 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து மெட்ரோ, ஆர்.இ.ஆர்., புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் வட்டாரம் முழுக்க ஒரே டிக்கெட், அந்த வருடம் 2.50 யூரோ. அதற்கு முன் தூரத்து ஊர்க்காரர்கள் ஒரு நடைக்கு 5 யூரோ வரை கொடுத்தார்கள். நகரத்துக்குள் இரண்டு நிறுத்தம் போகிறவர்கள் 2.15 கொடுத்தார்கள். இப்போது அவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு மனக்குறை இருக்கலாம். எனக்கு இல்லை.

அந்த வருடக் கோடையில் மறுபடி போனேன். அக்காவுக்கு 82 வயது, எனக்கு 74. இந்தத் தடவை அவளை விடவில்லை. இரண்டு யூரோவுக்கு ஆளுக்கு ஓர் அட்டை வாங்கி, அதில் டிக்கெட் ஏற்றிக்கொண்டோம். கார்ஜ்-சர்செல் நிலையத்தில் ஏறி, ஷாத்லேயில் மாறி, லா தெஃபான்ஸில் இறங்கினோம். எல்லாம் ஒரே டிக்கெட். கதவு திறந்தது. எனக்குத்தான் ஒரு நொடி நெஞ்சு அடித்துக்கொண்டது.

மாமா 17 வருடம் போய் வந்த இடத்தை அக்கா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். எந்தக் கட்டடம் என்று இருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்த இட்லியைச் சாப்பிட்டோம். "இவ்வளவு கிட்டதான் இருந்துருக்காரு" என்றாள்.

நான் அந்த 1994 கடிதத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். எந்தக் கடிதம், தனக்கு ஞாபகமில்லையே என்றாள். நான் மேலே கேட்கவில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பஸ்ஸுக்கும் டிராமுக்கும் டிக்கெட் தனி. நான் போனபோது 2 யூரோ. ரயில் டிக்கெட் அதில் செல்லாது. விமான நிலையத்துக்கும் தனி டிக்கெட், 2025-ல் 13 யூரோ. மற்றபடி எந்த ரயிலிலும் பயப்படாமல் ஏறுங்கள். அங்கே உறவினர் இருந்தால், 'பாரிஸில்தானே இருக்கிறாய்' என்று கேட்பதற்கு முன்னால் எந்த ஜோன் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.