மூன்று சாவிப் பெட்டகம்

பழைய தமிழ்ப் புத்தகம் தேடி அலைகிறவர்களுக்குக் காரைக்குடிப் பக்கத்தில் ஒரு க்ஷேத்திரம் இருந்தது. கோட்டையூர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான ரோஜா முத்தையா, அங்கே தம் வீடு நிறைய நூல்களைச் சேர்த்து வைத்திருந்தார். நூல் மட்டுமா? பத்திரிகை, நாடக நோட்டீஸ், கலியாண அழைப்பிதழ் எதையும் அவர் விடவில்லை. படித்த பெரியவர்கள் குப்பை என்று தள்ளுவதை அந்தக் கைத்தொழில்காரர் பொருளென்று மதித்தார்.

1992-ல் அவர் காலமானார். சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிற்று. 'போச்சு, நம் ஏடெல்லாம் கப்பலேறிவிட்டது!' என்று பெருமூச்சு விடத் தோன்றுகிறதல்லவா? ஏறவில்லை. 1994-ல் சென்னையில் அவர் பெயராலேயே ஒரு நூலகம் ஏற்பட்டது. புத்தகங்களை இங்கேயே வைத்து மைக்ரோபிலிம் எடுத்தார்கள். வாங்கினவர் சரக்கை நம் ஊரிலேயே விட்டுவைப்பது, லேவாதேவியில் பழம் தின்று கொட்டை போட்ட செட்டிநாட்டுக்கே புதுமைதான்.

படம் எடுக்காமலும் முடியாது. மரக்கூழ்க் காகிதத்தில் அமிலம் உண்டு. நாளானால் பழுத்து, புரட்டும்போதே அப்பளமாக நொறுங்கும். பனையோலை எவ்வளவோ தேவலை!

காப்பாற்றியதும் கைக்கு எட்ட வேண்டுமே. ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் (பெயர் எதற்கு?) பழைய தமிழ் நாவல் ஒன்றைத் தேடினேன். பட்டியல் முழுதும் ரோமன் எழுத்து. ளகரத்துக்கு அடியில் புள்ளி, ழகரத்துக்கு அடியில் கோடு. அரை நாள் மன்றாடிவிட்டு எழுந்து வந்தேன். புத்தகம் அடுத்த அறையிலேயே இருந்தது என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது. சீன நூல்களை வைத்திருக்கும் அமெரிக்க நூலகங்களும் இதே அவஸ்தையைப் பட்டவைதாம். 1980-களில் கணினிப் பட்டியலில் சீன எழுத்தையே சேர்க்க வழி கண்டார்கள். தமிழுக்கும் அந்த வசதி வந்துவிட்டது. எல்லா நூலகத்துக்கும்தான் இன்னும் மனசு வரவில்லை.

சென்ற வருஷம் காரைக்குடியில் ஓர் ஆச்சி வீட்டு இரண்டாங்கட்டில் பெரிய பெட்டகம் ஒன்றைப் பார்த்தேன். மூன்று பூட்டு.

"எங்க ஐயா ரங்கூன்லேருந்து கொண்டாந்த புஸ்தகம் தம்பி. சாவி மூணும் மூணு பங்காளிக கிட்ட இருக்கு."

"மூவரும் எப்போது சேருவார்கள், ஆச்சி?"

"படைப்புக்கு வருவாக. ஒருத்தர் அமெரிக்காவுல இருக்காக. அவுக வந்து மூணு வருஷமாச்சு."

"உள்ளே என்னென்ன புத்தகம் என்று குறிப்பாவது உண்டா?"

"இல்லாமலா? ஐயா ஒண்ணுவிடாம நோட்டுல எழுதி வச்சிருக்காகளே!"

எனக்கு உயிர் வந்தது. "அந்த நோட்டு எங்கே, ஆச்சி?"

ஆச்சி பெட்டகத்தைத் தட்டிக் காட்டினார்.

"உள்ளாறதான் இருக்கு."