விசில் வேண்டாம், கொடி போதும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் கீழ் நான் எடுத்த வழக்குகளில், நீதிமன்றப் படி ஏறாமலே முடிந்த ஒன்றைத்தான் இளம் வழக்கறிஞர்களிடம் அடிக்கடி சொல்வேன்.

எதிர்த்தரப்பு, புதுக்கோட்டை மாவட்டத்தில் அங்கீகாரம் பெற்ற ஒரு தனியார் பள்ளி. கோடை விடுமுறையில் காலை முதல் மதியம் வரை விளையாட்டு, ஓவியம் என்று முகாம் நடத்தினார்கள். என் கட்சிக்காரர் தையல் வேலை செய்து குடும்பம் நடத்தும் ஒரு தாய். மகனுக்கு ஆட்டிசம் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதி, பணம் கட்டிச் சேர்த்திருந்தார். முதல் நாளே போன் வந்துவிட்டது. பயிற்சியாளர் விசில் ஊதியதும் பையன் காதைப் பொத்திக்கொண்டு கேட்டை நோக்கி ஓடியிருக்கிறான். பாதுகாப்பு கருதி இனி அனுப்ப வேண்டாம் என்றது பள்ளி.

"காசைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க சார். இவன் தினமும் காலைல ஷூவை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறான். இவனுக்கு நான் என்னன்னு சொல்றது?"

அவர் கொண்டுவந்த கட்டுரை நோட்டில் மகனைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறித்து வைத்திருந்தார். விசில், மிக்ஸி, பட்டாசுச் சத்தம் ஆகாது. கையைத் தூக்கிக் காட்டினால் நிற்பான். அடுத்து என்ன நடக்கும் என்று படம் காட்டிவிட்டால் பதறமாட்டான். கூட்டம் கூடினால் சற்று நேரம் தனியே உட்காரவிட வேண்டும். மருத்துவச் சான்றிதழைவிட எனக்குப் பெரிய ஆவணம் அந்த நோட்டுதான். அவனுக்கு எது தேவை என்பது அதில் வரிவரியாக இருந்தது.

சட்டமும் அதையேதான் கேட்கிறது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்களில் பாடத்தோடு விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளும் மற்றவர்களுக்குச் சமமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது 16-ஆம் பிரிவு. ஒருவருக்குத் தேவையான நியாயமான ஏற்பாட்டைச் செய்ய மறுப்பதே பாகுபாடு என்கிறது 2-ஆம் பிரிவின் விளக்கம். நிறுவனத்தின் மீது அளவுக்கு மீறிய சுமை விழுந்தால் மட்டுமே விலக்கு. விசிலுக்குப் பதில் ஒரு கொடியைத் தூக்கிக் காட்டுவது யாருக்கு என்ன சுமை?

முன்னுதாரணங்களும் இருந்தன. மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷை 2012-இல் ஸ்பைஸ்ஜெட் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்கள் வழக்குக்கு இன்னும் நெருங்கியது அமெரிக்காவின் டொலீடோ நகர வழக்கு. ஒய்.எம்.சி.ஏ.வின் குழந்தைகள் பராமரிப்புத் திட்டத்திலிருந்து ஆட்டிசம் உள்ள சிறுவனை நீக்கியபோது, அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள 2001-இல் நீதிமன்றம் ஆணையிட்டது. ஊழியர்களுக்குப் பயிற்சி தருவது நியாயமான மாற்றம்தான் என்றும் சொன்னது.

சட்டம் எங்கள் பக்கம் இருந்தது, காலண்டர் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் பரிந்துரைத்தாலும், 81-ஆம் பிரிவின்படி அதன்மேல் நடவடிக்கை எடுக்க 3 மாத அவகாசம் உண்டு. அதற்குள் பள்ளியே திறந்துவிடும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகலாம் என்றால் மே மாதம் அங்கும் கோடை விடுமுறை. விடுமுறை கால அமர்வில் அவசர மனு எடுபடலாம், ஆனால் வாய்தா விழுந்தால் முகாம் முடிந்துவிடும். ஆணையருக்கான மனுவைத் தயார் செய்து, அதன் நகலோடு பள்ளிக்கு நோட்டீஸ் அனுப்பினேன். பேச்சுக்குத் தயார் என்றும் அதிலேயே எழுதினேன்.

பேச உட்கார்ந்ததும் பள்ளியின் வழக்கறிஞர் நேராகக் கேட்டார்: "பையன் ரோட்டுக்கு ஓடி ஏதாவது ஆயிட்டா யார் சார் பொறுப்பு?" நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் கேட்டைப் பூட்டி ஓர் ஆளை நிறுத்துவதில் இருக்கிறது. கேட் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் பூட்டியிருக்க வேண்டியதுதானே என்றேன்.

மற்ற பெற்றோர் ஆட்சேபிப்பார்கள் என்று நிர்வாகம் சொன்னது. இதே புதுக்கோட்டையில் முத்துலட்சுமி என்ற பெண்ணை மகாராஜா கல்லூரியில் சேர்க்கவும் எதிர்ப்பு இருந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி தந்தார். அந்தப் பெண் 1912-இல் மருத்துவரானார். இதை நான் நினைவுபடுத்திய பிறகு ஆட்சேபப் பேச்சு எழவில்லை.

பிறகு அம்மாவின் நோட்டை மேசையில் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஏற்பாடு எழுதினோம். விசிலுக்குப் பதில் மஞ்சள் கொடி. அன்றைய நிகழ்ச்சிகளைக் காட்டும் படத் தாள். வேப்பமரத்தடியில் ஒரு பாய். பக்கத்தில் ஓர் உதவியாளர். எல்லாம் சேர்த்தும் பெரிய செலவில்லை. இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். பையன் திரும்பப் போனான். ஆனால் முகாமில் எஞ்சியிருந்தது கடைசி வாரம் மட்டுமே. இழந்த நாட்களை எந்த உத்தரவாலும் திருப்பித் தர முடியாது.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளைக்கு என்ன தேவை என்பதை மார்ச் மாதமே எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். முகாம் நடத்துபவர்கள் 'உங்கள் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு வேண்டும்?' என்ற ஒரு வரியை விண்ணப்பத்தில் சேர்க்கட்டும். மே மாதம் வக்கீலைத் தேடி அலைவதை அந்த ஒரு வரி மிச்சப்படுத்தும்.