மட்கார்டு

பொம்மிடியில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் என் அத்தா விட்டுச்சென்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நிற்கிறது. 1961 முதல் சென்னையில் உருவான வண்டிகளுள் ஒன்று. இந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-ல் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது.

அந்த உறவைச் சொல்லியே என் மகன் தொடங்கினான். அகன்ற டயர்கள் உள்ளே அடங்கா. ஆகவே மட்கார்டுகளை அறுத்து, புடைத்த ஃபைபர் மட்கார்டுகளைப் பொருத்த வேண்டுமாம். ஜப்பானியரான அகிரா நகாய் பழைய போர்ஷே கார்களைத் தம் கையாலேயே அறுத்து அகலப்படுத்தும் படங்களையும் காட்டினான்.

தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றலாகாது என்னும் 2019-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நினைவூட்டினேன். "அறுத்த தகடு பழையபடி ஆகாது. இது அமானிதம்" என்றேன்.

"அமானிதத்தை இருபது ஆண்டுகள் துருப்பிடிக்க விட்டது யார் அத்தா?" என்று மெல்லக் கேட்டான்.

தலைகுனிந்தேன். பேணாதவனுக்குத் தடுக்கும் உரிமை ஏது? மறுநாள் இருவருமாக வண்டியை டிங்கரிங் பட்டறைக்குத் தள்ளிச் சென்றோம். அறுப்பதற்கு அன்று, துருவை நீக்குவதற்கு.